பாடை போகாத தோப்பு

முந்திரிப்பழத்தை உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கட்டாது சார். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரிவதில்லை.

காடாம்புலியூரில் என் தோப்பைத் தாண்டினால்தான் தார்ரோடு; இல்லையென்றால் ஏரியைச் சுற்ற வேண்டும். கிழக்குத் தெரு ஜனங்கள் அதில் நடக்க நான்தான் விட்டேன். கேட்டருகே கூடையை இறக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கே முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். நடக்க விட்டால் நன்றி வராது, உரிமைதான் வரும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடவை பிணம் போய்விட்டால் அந்த வழி ஊருக்குச் சொந்தம். என் மாமனார் ஒரு மழைநாளில் இரக்கப்பட்டுக் குளத்தங்கரை நிலத்தில் பாடையை விட்டார். இன்று அதில் சிமெண்ட் ரோடு, மினி பஸ் போகிறது.

போன வைகாசியில், கிழக்குத் தெருவில் வீட்டோரம் சருகு கூட்டிய கோவிந்தசாமியை விரியன் கடித்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது.

"யம்மா, தொறங்க. நூத்தியெட்டு வண்டி ரோட்டுல நிக்குது" என்றாள் அவன் பெண்டாட்டி சின்னம்மாள்.

"பாதித் தோப்புல மூச்சு நின்னுட்டா?" என்றேன்.

"நின்னா பேயா வந்து ஒங்களுக்குக் கொட்ட பொறுக்கித் தருவாரு எங்க மாமா. மொதல்ல தொறம்மா" என்றான் மச்சான்காரன் ராஜாமணி. அந்த நேரத்திலும் வாய்.

"சாவி பண்ருட்டியிலேர்ந்து வருது. இருங்க" என்றேன்.

இருந்தார்கள். வேலியைப் பிய்த்தெறிய நாலு ஆம்பிளைகள் போதும். ஆனால் மறுநாள் கூலிக்கு என் தோப்புக்குத்தானே வர வேண்டும்? ஏரியைச் சுற்றிப் போயிருந்தால்கூட ஆஸ்பத்திரி சேர்ந்திருப்பான். வரும் என்று நான் சொன்னதை நம்பி நின்றார்கள். இவர்கள் புத்தி அவ்வளவுதான்.

சாவி என் இடுப்பில்தான் இருந்தது சார், எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு மூச்சு இருந்ததும் தெரியும். உள்ளே வந்து உயிர் போனால் கட்டில் பாடையாகிவிடும். வெளியிலேயே போகட்டும் என்று காத்திருந்தேன். போய்விட்டது.

சின்னம்மாள் மண்ணில் புரண்டு அழுதாள். ஒரு சொம்புத் தண்ணீரை வேலிக்கு மேலாக நானே என் கையால் நீட்டினேன். வாங்கவில்லை. இரக்கம் காட்டினாலும் மதிக்கத் தெரியாத ஜனங்கள் சார்.