மாத்திரைக் கூட்டுக்குள் ஒரு கடல் நத்தை

சுண்டூ! எங்கேடி இருக்கிறாய்? உன் பெயரைச் சொல்லி என்னை மேடையேற்றிவிட்டார்கள்.

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஆய்வுக்கூடத் தலைவர் ஐயா அவர்களே, என் மகளோடு கடல் மணல் சலித்த தோழிகளே, பெரியோர்களே, பெற்றதை வாரிக் கொடுத்துவிட்டு வாயடைத்து நிற்கும் என்னைப் போன்ற தாய்மார்களே, வணக்கம்!

என்ன தம்பி, கேட்கவில்லையா? இதோ, மைக்கிடம் வருகிறேன்.

என் கையில் இருப்பது ஒரு மாத்திரைக் கூடு. உள்ளே ஒரு நத்தை ஓடு. கடுகை விடச் சின்னது. காற்றடித்தால் காணாமல் போவது. இதற்கா இத்தனை நாற்காலி? இதற்கா இத்தனை மாலை?

காய்ச்சல் அவளைக் கொண்டுபோவதற்குக் கொஞ்சம் முன்னால், சமையலறை மேசையில் கறுப்புத் தட்டில் மணலைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நனைத்த தூரிகை நுனியால் இதைத் தொட்டெடுத்தாள். என் சத்து மாத்திரையைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு உள்ளே போட்டாள்.

"அடியே, அது என் மருந்துடி!"

"இதைப் பாரும்மா. இதோட சொந்தக்கார நத்தைங்க ஓடெல்லாம் வலப்பக்கமா சுருண்டிருக்கும். இது என்னை மாதிரி இடக்கை. மாத்திரைன்னு முழுங்கித் தொலைச்சுடாதே!"

சிரியுங்கள், நானும் அன்று சிரித்தேன்.

அவள் போன பிறகு ஐயாவிடம் காட்டினேன். இதைப் போல இன்னொன்று எங்கும் கிடைக்கவில்லையாம். "இது மியூசியத்துல இருந்தாத்தாம்மா புது இனம்னு ஒத்துக்குவாங்க. உங்க பொண்ணு பேரையே வைக்கிறோம்" என்றார். சற்றுமுன் இந்த மேடைப் படியேறும்போது அவள் தோழி என் காதில் சொன்னாள்: "எங்க யார்கிட்டயும் அவ காட்டலைம்மா. உங்களுக்குன்னே வெச்சிருந்தாளோ என்னவோ."

எனக்குப் புரியவில்லை, பெரியோர்களே! உலகத்துக்காக எடுத்தாளா, எனக்காக ஒளித்தாளா? புதுசு என்று வைத்தாளா, தன்னைப் போல இருக்கிறதே என்று வைத்தாளா? கொடுத்தால் அவள் பெயர் நிற்கும் என்கிறீர்கள். எந்தப் பெயர்? வீட்டில் அவள் சுண்டுதானே! கொடுக்காமல் வைத்துக்கொண்டால், நான் கண்மூடிய மறுநாள் பழைய மருந்தோடு இதுவும் குப்பைக்குப் போகுமே, தாய்மார்களே!

ஐயா கையை நீட்டிவிட்டார். என் கையும் நீண்டுவிட்டது. விரல்தான் விரிய மாட்டேன் என்கிறது.

இவ்வளவு நேரம் என் உளறலைக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஒற்றைக் கையால் கும்பிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மற்றதில் இவள் இருக்கிறாள்.

சுண்டூ, குடுத்துடட்டுமாடி?