அழுகைக் காட்சிக்கு வந்தவர்

என் வேடத்தில் நடித்த பையன் சர்க்கரை இல்லாமல் காபி குடித்தான். எனக்கு மூன்று கரண்டி வேண்டும். படம் எடுக்கிறவர்கள் இதையெல்லாம் கவனிப்பதேயில்லை, இன்ஸ்பெக்டர் மேடம்.

பழைய வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே டென்னிஸ் கிளப். அப்பாக்களின் பெயரைச் சொல்லி முதலீட்டு நிறுவனம் ஆரம்பித்தோம். புதிதாகப் போட்டவர் பணத்தைப் பழையவருக்கு லாபமென்று கொடுத்தோம். கொடுக்க முடியாத நாள் வந்தது. நான் மட்டும் சிறைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் எங்களைப் பற்றி ஒரு வெப் சீரிஸ் ஓடி முடிந்திருந்தது. அடுத்து சினிமா. இயக்குநர் என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டார்.

ஒரு காட்சியில், நிறுவன வாசலில் ஏமாந்தவர்கள் கூடி அழ வேண்டும். துணை நடிகர்களின் அழுகை எடுபடவில்லை. நிஜமாக ஏமாந்தவர்களையே கூப்பிடலாமே என்றேன். தினக்கூலி, மதியச் சாப்பாடு என்றதும் வந்துவிட்டார்கள்.

அதில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுநர். வயதான காலத்துக்குச் சேர்த்ததை எங்களிடம் போட்டவர். என் வேடத்தில் நடித்தவனின் சட்டையைப் பிடித்து உலுக்கச் சொன்னார்கள். காலரில் கை பட்டதுமே எடுத்துக்கொண்டு, "தம்பி, சட்டை கசங்கிடுச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்ப எடுக்கச் சொன்னது நான்தான். மறுபடியும். மறுபடியும். கடைசியில் தேம்பித் தேம்பி அழுதார். மானிட்டரில் அருமையாக இருந்தது.

கூட வந்த மகள் என் எதிரில் வந்து நின்றாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள்.

"எங்கப்பா அழறத எத்தன தடவடா பாப்ப? முதல்ல பாத்தது பத்தலையா?"

"மரியாதையாப் பேசும்மா," என்றார் அவர். "தப்ப ஒத்துக்கிட்டு, படமே எடுக்க விடறாரு. யாரு செய்வா?"

"நீ வாப்பா. திருந்துன மூஞ்சியா இது?"

எனக்குக் கோபமில்லை. யோசனைதான் வந்தது. கோட்டும் காரும் வாங்கித் தராத நம்பிக்கையை, தப்பை ஒத்துக்கொண்டது வாங்கித் தந்திருக்கிறதே.

மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு அவர் பின்னால் நின்றேன். "பணம் போட்டா இந்தப் படத்துல பங்கு தர்றாங்கண்ணே. போனதெல்லாம் வந்துடும். பொண்ணுகிட்ட மூச்சு விடாதீங்க. லாபத்தோட போய் நில்லுங்க, வாயடைச்சுப் போவா."

அப்படிப் பங்கு எதுவும் கிடையாது. மேல்படிப்புக்காக மகள் அப்பாவிடம் கொடுத்துவைத்திருந்த சம்பளப் பணத்தை அப்படியே கொண்டுவந்தார்.

படம் வெளியான அன்று தயாரிப்பாளரிடம் போய்ப் பங்கு கேட்டிருக்கிறார். "கூட்டத்துல நின்னதுக்குத்தான் அன்னைக்கே கூலி குடுத்தாச்சேய்யா" என்றாராம் அவர். மறுநாள் வேன் ஏரிக்கரையில் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. உடலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

ஆமாம், அந்தப் பணத்தை வாங்கியது நான்தான். பணத்துக்காக இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு என்ன குறை? மகளைவிட என்னை நம்புவாரா என்று பார்க்கத் தோன்றியது. நம்பினார்.

இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்கள். மகள் வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளே நடித்தால் நன்றாயிருக்கும். நான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கேட்டுப் பாருங்கள்.