நாலு மணிச் சங்குக்குப் பாடிய பிள்ளைகள்

தலைமை நாற்காலியைத் தம் புன்னகையால் நிறைத்திருக்கும் டவுன் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் பெருந்தகை வசந்தகுமார் ஐயா அவர்களே! கொட்டும் மழையிலும் கொல்லும் குளிரிலும் கொழுந்து பறித்துக் குடும்பம் காக்கும் தாய்மார்களே! ஊருக்கெல்லாம் உயர்ந்த தேயிலையை அனுப்பிவிட்டுத் தங்கள் வீட்டில் டஸ்ட் தூளையே குடிக்கும் ஃபேக்டரித் தோழர்களே! நெல்லியாளத்திலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் அமர்ந்து முறுக்குக் கடிக்கும் என் முத்துச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அம்சவேணியின் அன்பு கனிந்த மாலை வணக்கம்.

இன்று எட்டாம் வகுப்பை வழியனுப்பும் விழா. பள்ளியின் பாட்டுக் குழுவைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை மேடை ஏற்றிவிட்டார்கள். பாட்டைப் பற்றிப் பேசப் பாட்டு டீச்சர் அல்லவா வரவேண்டும்? வந்திருப்பவள் கணக்கு டீச்சர். ஏன் தெரியுமா? இந்தப் பள்ளியில் பாட்டு டீச்சரே கிடையாது. நான் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் சத்தம் ஃபேக்டரி வரைக்கும் கேட்கிறதாம். இவ்வளவு பெரிய தொண்டை வீணாகலாமா என்று பாட்டுக் குழுவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்றைக்குச் சிரிப்பதற்கு உங்களுக்கு உத்தரவே இருக்கிறது.

அந்த உத்தரவைக் கொடுத்தவள் எட்டாம் வகுப்பு ஜீவிதா. தண்ணீர் ஏற்றும் மோட்டார் ரூமைப் பார்த்துக்கொள்ளும் தங்கவேலுவின் மகள். அவளுக்குப் பேசும்போது சொல் திக்கும். இது நான் அம்பலப்படுத்தும் ரகசியம் அல்ல. நேற்று அவளிடமே கேட்டேன், உன் கதையை மேடையில் சொல்லலாமா என்று. நிதானமாக யோசித்தாள். நிதானமாகவே பதில் சொன்னாள்.

“சொல்லுங்க டீச்சர். ஆனா யாரும் ஐயோ பாவம்னு சொல்லக்கூடாது. சிரிக்கலாம்.”

ஆகவே அன்பர்களே, இந்தக் கதையைக் கேட்டு யாராவது உச்சுக் கொட்டினால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். சம்மதமா? நல்லது.

கொரோனாக் காலம் நினைவிருக்கிறதா? பள்ளிக்குப் பூட்டு, பேருந்துக்குப் பூட்டு, வாய்க்கும் மூக்குக்கும் துணியால் ஒரு பூட்டு! பாடம் போனுக்குள் போனது. கணக்கும் போனுக்குள், அறிவியலும் போனுக்குள். அப்படியானால் பாட்டு மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று நானும் துணிந்தேன். நான்கு மணிக்குக் குழுப் பாட்டு என்று அறிவித்தேன். பிள்ளைகள் எல்லாரும் போனில் வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். அடடா, அந்தக் கோலாகலத்தை எப்படிச் சொல்வேன்! இந்து இரண்டாவது அடியில் இருக்கிறாள், மனிஷா முதல் அடியையே இன்னும் தொடங்கவில்லை, ஒரு வீட்டில் குக்கர் விசிலடிக்கிறது, இன்னொரு வீட்டில் அப்பா கட்சி மாறியவரைத் திட்டுகிறார். நடுவில் நான் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிக்னல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சேர்ந்திசை எப்படிச் சேரும்?

சரி, ஒருவர் ஒருவராகப் பாடுங்கள் என்றேன். எல்லாரும் மைக்கை மூடுங்கள், ஒருவர் மட்டும் திறங்கள் என்றேன். அது ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் ஜீவிதாவின் முறை வந்தபோது திரையில் அவள் முகம் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை.

தாய்மார்களே, இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜீவிதா தனியாகப் பேசினால்தான் சொல் திக்கும். பத்துப் பேரோடு சேர்ந்து பாடினால்? தங்கு தடையின்றி, தயக்கம் மயக்கமின்றி, மழைக்கால ஓடை மாதிரி வரும்! பள்ளியில் அவள் வாய் விட்டு ஒரு வரி முழுதாகச் சொல்லும் ஒரே இடம் எங்கள் பாட்டுக் குழு. அந்தக் கூட்டம் கலைந்தால் பாட்டு மட்டுமா போகும்? அந்தப் பிள்ளையின் குரலே போகும். போனுக்கு அது புரியுமா? போன் ஒருவரைத்தான் கேட்கும். ஒருவராக நிற்கச் சொன்னால் அவள் ஊமையாகிவிடுவாள்.

அவள் அம்மா ரஞ்சனி கொழுந்துச் சாக்கோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “டீச்சர், புள்ள ஊட்டுலயும் பேச்ச கொறச்சிருச்சுங்க. வேணுங்கறத கைய காட்டித்தான் கேக்குது” என்றார்.

என்னால் ஆனதைச் செய்தேன். பாட்டு முழுவதையும் என் குரலில் பாடிப் பதிந்து அனுப்பினேன், இதோடு சேர்ந்து பாடு கண்ணு என்று. இரண்டு நாள் கழித்து எழுத்தில் பதில் வந்தது. அது பாடி முடிச்ச பாட்டு டீச்சர், எனக்காக நிக்காது, என்று எழுதியிருந்தாள். எவ்வளவு சரியான பேச்சு! கூடப் பாடுகிறவர் என்றால் நாம் தடுமாறினால் அவரும் ஒரு நொடி தாமதிப்பார் அல்லவா? பதிவு செய்த குரல் யாருக்காகத் தாமதிக்கும்?

இனி வருவதுதான் கூத்து. ஒரு நாள் காற்றிலும் மழையிலும் டவர் படுத்துவிட்டது. மழை விட்டதும் மஞ்சு இறங்கி எதிரே இருப்பது தெரியவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு டவர் போன விஷயம் தெரியாது. நான்கு மணிக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பாட்டு நேரம் ஆயிற்றென்று இந்து போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி வாசலுக்கு வந்தாள். போனில் ஒரு சத்தமும் இல்லை. மற்றவர்கள் மைக்கை மூடியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, செத்த போனைப் பார்த்துப் பாடத் தொடங்கிவிட்டாள்! பக்கத்து வாசலில் மனிஷாவும் அதே சங்கைக் கேட்டு அதே மாதிரி. அதற்கடுத்த வாசலிலும் அதே மாதிரி. லைன் முழுக்க ஆளுக்கொரு செத்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில், ஒரே சுருதியில், அந்தச் சங்கின் சுருதியில் பாடுகிறார்கள். என்ன பாட்டு? எங்கள் பிள்ளைகளே கட்டிய பாட்டு:

“மஞ்சே மஞ்சே வழியை விடு,
மறுபுறம் நிற்பவள் குரலைக் கொடு!”

பாடியபடி மறுபுறம் பார்த்தார்கள். பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவில், மோட்டார் ரூமை ஒட்டித் தனியாக நிற்கிறது ஜீவிதாவின் வீடு. மஞ்சில் வீடு தெரியவில்லை, கூரை தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கமிருந்து அடுத்த அடி வந்தது. திக்காமல் வந்தது. திடமாக வந்தது. மலையே திரும்பிச் சொல்லும்படி வந்தது!

மறுநாள் தங்கவேலு என் வீட்டுக்கே வந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். “டீச்சர், பாப்பா பாடுச்சுங்க” என்றார். இரண்டு பேரும் சும்மா நின்று சிரித்தோம்.

அதன் பிறகு போன் எதற்கு? அன்றாடம் நான்கு மணிச் சங்குதான் எங்கள் சுருதிப் பெட்டி. அவரவர் வாசலில் அவரவர் நிற்க, அரசு சொன்ன இடைவெளிக்கு மேலேயே இடைவெளி விட்டு, லைனும் மோட்டார் ரூமும் சேர்ந்து பாடின. நான் நடுப் பாதையில் நின்று தாளம் போட்டேன். அந்தப் பக்கம் வந்த யானைக் கூட்டம் எங்கள் பாட்டைக் கேட்டுத் திரும்பிப் போனதாகப் பேசிக்கொள்கிறார்கள். ரசித்துவிட்டுப் போனதா, பொறுக்க முடியாமல் போனதா என்று தெரியவில்லை.

நம் சூப்பர்வைசர் அழகையா அண்ணன் மட்டும் சண்டைக்கு வந்தார். அதோ, தூணுக்குப் பின்னால் மறைகிறார் பாருங்கள்! அண்ணே, தலையைக் காட்டுங்கள். சங்கு ஊதினால் கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவர வேண்டிய பெண்கள், பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுச் சரிவிலேயே நின்றுவிடுகிறார்களாம். பாட்டை ஐந்து மணிக்கு மாற்றச் சொன்னார். அப்படியானால் சங்கையும் ஐந்து மணிக்கு மாற்றுங்கள் என்றேன். முறைத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் பேய் மழை, பாட்டு இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்து நின்றார்.

“ஏனுங்க டீச்சர், இன்னிக்கு பாட்டு இல்லீங்களா? பாட்டு வரும் வரும்னு ஆளுங்க நனஞ்சுட்டே நிக்கறாங்க. ஒண்ணு பாடச் சொல்லுங்க, இல்லாட்டி பாடலைன்னு ஆள் உட்டுச் சொல்லுங்க.”

கைதட்டல் அழகையா அண்ணனுக்குத்தானே? தாராளமாகத் தட்டுங்கள்.

காலம் கனிந்தது. கதவு திறந்தது. முகமூடியோடு பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தேன். நம் பள்ளிக்கூடங்களில் பெயர் சொன்னால் என்ன சொல்ல வேண்டும்? எழுந்து நின்று, “உள்ளேன் அம்மா.” இரண்டே சொல். ஆனால் அந்த இரண்டு சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஜீவிதா கையை மட்டும் தூக்குவாள். அன்றைக்கும் அவள் பெயரைச் சொல்லிவிட்டுக் கைக்காகக் காத்திருந்தேன்.

வகுப்பு முழுவதும் எழுந்தது. வகுப்பு முழுவதும் சொன்னது. “உள்ளேன் அம்மா!” அதன் நடுவே ஜீவிதாவும் சொன்னாள், வாய் நிறையச் சொன்னாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்துதான் சொன்னாள். “யாருமில்லீங்க டீச்சர். அவ வாயத் தொறக்கறப்ப நாங்களும் தொறந்து பழகிருச்சுங்க.”

அன்றிலிருந்து அவள் பெயருக்கு மட்டுமல்ல, எந்தப் பெயரைச் சொன்னாலும் மொத்த வகுப்பும் எழுகிறது. காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் “உள்ளேன் அம்மா” வருகிறது! வந்தவர் யார், வராதவர் யார் என்று கணக்கு டீச்சரான நான் தலையை எண்ணித்தான் கண்டுபிடிக்கிறேன். எண்ணிவிட்டுப் போகிறேன். அதிலென்ன நஷ்டம்?

ஜீவிதாவுக்குக் குணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றும் திக்குகிறது, நாளையும் திக்கலாம். மாறியது அவள் நாக்கு அல்ல, அவளைச் சுற்றி இருப்பவர்கள். தனியாக நில் என்றது போன். தனியாகப் பாடு என்றது போன். தனியாகப் பேசினால்தான் நீ இருப்பதாக அர்த்தம் என்றது போன். இல்லை, இல்லை, நாங்கள் எல்லாரும் இருந்தால்தான் அவள் இருக்கிறாள், அவள் இருந்தால்தான் நாங்கள் இருக்கிறோம் என்றார்கள் எங்கள் பிள்ளைகள்!

தலைவர் ஐயா அவர்களே, வாழ்த்துரைக்கு நடுவே ஒரு விண்ணப்பம். வருகிற ஜூனில் ஜீவிதா உங்கள் பள்ளிக்கு வருகிறாள். இந்து, மனிஷா முதல் மற்ற எல்லாருக்கும் வேறு பள்ளிகளில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. முதல் நாள் காலையில் யாரோ ஒரு டீச்சர் அவள் பெயரைக் கூப்பிடுவார். வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நினைத்தால்தான் எனக்குப் பயம். அவளுக்குத் தனிச் சலுகை வேண்டாம் ஐயா. கூட நான்கு பேர் வாய் திறந்தால் போதும்.

ஐயா தலையாட்டுகிறார். மகிழ்ச்சி. ஆனால் பாட்டுக் குழுவில் தலையாட்டினால் சேர்த்துக்கொள்ள மாட்டோம், குரல் கொடுக்க வேண்டும். ஆகவே எட்டாம் வகுப்பின் கடைசி வருகைப் பதிவை இந்த மேடையிலிருந்தே எடுக்கிறேன். தாய்மார்களும் தோழர்களும் தயாரா? ஒரே ஒரு பெயர்தான்.

ஜீவிதா!

அம்மாடி, பந்தலே அதிர்ந்துவிட்டதே! இத்தனை குரலில் அவள் குரல் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் அவள் எழுந்து நின்று வாய் திறந்ததைப் பார்த்தேன். என் பக்கத்து நாற்காலியிலிருந்து தலைவர் ஐயா எழுந்து நின்று சொன்னதை, மைக் இல்லாமலே சொன்னதை, இரண்டு காதாலும் கேட்டேன்.

இனி எனக்கு ஜூன் மாதத்தை நினைத்துப் பயமில்லை. பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பாசத்தோடு சிரித்த தாய்மார்களுக்கும், பாடிக்கொண்டே வளர்ந்த என் பிள்ளைகளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.