அணைக்கும் முன் கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் தட்டச்சு மைய உரிமையாளர் திரு. கல்யாணராமன் அவர்களே! அசோக் நகரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம் சுந்தரத்தின் துணைவியார் சகோதரி தங்கபுஷ்பம் அவர்களே! கச்சேரி சாலையில் எங்களோடு உழைத்தவர்களே! ஆய்வேடு தட்டச்சு செய்ய வந்து உறவாகிப்போன பெருமக்களே! கலங்கிய நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் கணினிப் பொறுப்பாளர் சண்முகசுந்தரம் போய்விட்டார். சொல்ல வாய் வருகிறது, நம்ப மனம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவரை மாலை போட்ட படத்தில் எப்படி ஐயா பார்ப்பது?

அவர் மேல் எங்களுக்கு ஒரு கோபம் உண்டு. ஒரு கோப்பு காணவில்லை என்றால் நாங்கள் அங்கே இங்கே பார்த்துவிட்டுக் கையை விரிப்போம். அவரோ கோப்பின் பெயரைக் கட்டளையில் தட்டி, யாருடைய இடத்தையும் விடாமல் கணினி முழுவதையும் தேடச் சொல்வார். ஒரே கணினியில்தான் எங்கள் எல்லோருடைய திரைகளும் மாட்டியிருந்தன. அது தேடத் தொடங்கினால் மற்றவர் வேலை நொண்டும். "சுந்தரம், உனக்குப் புண்ணியமாப் போவும், நிறுத்துப்பா!" என்று கத்துவேன். "இரு நைனா, எங்கயோதான் கீது. எங்க பூடும்?" என்பார். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க மாட்டேனா!

முனைவர் ஜமீலுன்னிசா அவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆயுத பூஜை அன்று அழுதுகொண்டு வந்தார்கள். பாலவாக்கம் கடற்கரை நண்டுகளைப் பற்றிய அவர்களுடைய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த தாரணி, விடுமுறைக்குத் தூத்துக்குடி போய்விட்டாள். கணினியில் அவளுக்கு ஒதுக்கிய இடத்தில் கோப்பு இல்லை. படியெடுத்த பிளாப்பியும் கெட்டுவிட்டது. விஜயதசமி கழிந்ததும் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இங்கேயோ, ஆண்டு முழுவதும் ஓடும் கணினியை அணைத்துப் பொட்டு வைக்கிற நேரம். சந்தனம் தயார், பொரி தயார், சுவிட்சில் என் கை தயார்.

"சுந்தரம், ராகுகாலம் வந்துடும்! பூஜை ஆகட்டும், அப்புறம் தேடிண்டா போறது" என்றார் நம் உரிமையாளர்.

சுந்தரம் அசையவில்லை. "ஃபைல் பேரு தெரியுமாம்மா?"

"நண்டுன்னு ஆரம்பிக்கும் சார். அதுக்கு மேல தெரியல."

"பாதி தெரிஞ்சாப் போதும்மா. மீதிக்கு நட்சத்திரக் குறி போட்டா, கம்ப்யூட்டரே பாத்துக்கும். அழுவாதீங்க."

தட்டினார். கணினி தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. எங்கே இருந்தது தெரியுமா? தற்காலிகக் கோப்புகள் கிடக்கிற இடத்தில்! தன் இடம் நிரம்பியதும் தாரணி அங்கே போட்டுவைத்திருக்கிறாள். கணினியை அணைத்து மறுபடி போட்டால் அந்த இடம் துடைத்த மாதிரி காலியாகிவிடும். அவர் மட்டும் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால்? அம்மா, இன்று உங்களை முனைவர் என்று நான் அழைத்திருக்க முடியுமா? அவர் கோப்பைப் பத்திரமாக வேறிடத்தில் படியெடுத்த பிறகுதான் பூஜை நடந்தது.

ஊரிலிருந்து திரும்பிய தாரணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், அணைப்பதற்கு முன் மேசை மேசையாக வந்து நிற்பார். "உன்னுது எல்லாம் கீதா? எதுனா காணோமா?" எல்லோரும் "இருக்கிறது" என்று சொன்ன பிறகே என்னைப் பார்த்துத் தலையசைப்பார். பொரி நமுத்துப்போகும் என்று கேலி செய்திருக்கிறோம். இன்று அந்தக் கேள்விக்கு ஏங்கிக் கிடக்கிறோம்!

அன்பர்களே! அடுத்த வாரம் ஆயுத பூஜை. சுந்தரம் இல்லாத முதல் பூஜை. சகோதரி அவர்களே, உங்கள் முன் உறுதி கூறுகிறேன். அந்தக் கேள்வி நிற்காது. ராகுகாலமே வந்தாலும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பேன். ஒரே ஒருவர் "காணோம்" என்று சொன்னாலும் கணினி முழுவதும் தேடிவிட்டுத்தான் அணைப்பேன்.

எல்லோரும் "இருக்கிறது" என்பார்கள். கடைசியாக என் மேசைக்கு வந்து, "உன்னுது நைனா?" என்று கேட்கத்தான் ஆளில்லை. யாராவது கேட்டால், காணோம் என்றுதான் சொல்வேன்.

வணக்கம்.