கோட்டைச் சமையக்காரி

தண்டாயுதபாணி: எந்திரிக்காதீங்க பெரியப்பா! சீட்டு எடுத்தாச்சு. இந்த மேசைதான் உங்களுக்கு.

கந்தப்பன்: வேற மேசையே இல்லியா பாணி? சங்ககிரியில இத்தனை பெரிய கல்யாண மண்டபத்தைப் புடிச்சு, பூராவும் மேசையாப் போட்டு வெச்சிருக்கறே...

தண்டாயுதபாணி: அங்கெல்லாம் கதை ஆரம்பிச்சாச்சுங்க.

கந்தப்பன்: அந்த மூலையில ஒரு நாற்காலி காலியாத்தான இருக்குது?

தண்டாயுதபாணி: அது புலி உக்கார்ற எடமுங்க. அந்தக் கதையில புலியா நடிக்கறவன் டீ குடிக்கப் போயிருக்கறான்.

கந்தப்பன்: நான் புலியாவே இருந்துட்டுப் போறேன், உடு. இங்க உக்கார்றதுக்கு அது எவ்வளவோ மேலு.

சென்னியம்மாள்: பாணி, உங்க பெரியப்பாவுக்கு எம்பட மூஞ்சியப் பாக்கப் புடிக்கலைன்னா நான் வேணா எந்திரிச்சுப் போறேன்னு சொல்லு.

கந்தப்பன்: பாணி, உங்க அத்தை மூஞ்சியப் பத்தி நான் ஒண்ணுமே பேசலைன்னு சொல்லு.

தண்டாயுதபாணி: ஏனுங்க, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல இருக்கறது ஒத்தை மேசை. நான் என்ன தபால்காரனா?

கந்தப்பன்: பேச்சு வார்த்தை உட்டுப்போயி ஆறு வருசமாச்சு. நேருக்கு நேரா எப்படிடா பேசறது? நடுவுல ஒரு ஆள் வேணுமல்லோ?

தண்டாயுதபாணி: தை மாசம் கல்யாணத்தை வெச்சுட்டு இப்படி இருந்தா எப்படிங்க?

கந்தப்பன்: யாரு ஊட்டுல கல்யாணம்? எனக்கொண்ணும் தெரியாதப்பா. சொந்தத் தாய்மாமனுக்கு டீக்கடையில சொல்றானுக, 'உங்க தங்கச்சி மக கண்ணாத்தாளுக்கு முடிவாயிருச்சாமா'ன்னு. நான் தெரிஞ்சவனாட்டம் தலைய ஆட்டி வெச்சேன். டீ கசந்து போச்சு.

சென்னியம்மாள்: சொல்ல வந்தா கதவைத் தொறப்பாரான்னு கேளு பாணி. மணவறையில பொண்ணு நெத்தியில பட்டம் கட்டறது தாய்மாமன். சம்பந்தியூட்டுல பாக்கறப்ப எல்லாம் 'எங்க உங்கண்ணன், எங்க உங்கண்ணன்'னு நச்சரிக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது? எங்கண்ணன் ரிஷிகேசம் போயி சாமியாராயிட்டாருன்னா?

கந்தப்பன்: அன்னிக்குக் காதுகுத்துல மடி குடுத்தானல்லோ நம்ம பங்காளி சுவாமிநாதன்... அவனையே பட்டமும் கட்டச் சொல்லு.

சென்னியம்மாள்: பாத்தியா பாணி? இன்னும் அதையேதான் புடிச்சுத் தொங்கறாரு!

தண்டாயுதபாணி: எனக்கு அந்தக் காதுகுத்துக் கதையே ஒழுங்காத் தெரியாதுங்க. நான் அப்ப அமெரிக்காவுல இருந்தேன்.

கந்தப்பன்: தெரியாதா? கேளு. இவங்க சின்னவனுக்கு மல்லசமுத்திரத்துல காதுகுத்து. மாமன் மடியில வெச்சுத்தான குத்தோணும்? சீரெல்லாம் லாரியில ஏத்திட்டு நானே ஓட்டிட்டு வாரேன். திருச்செங்கோட்டுக்கு இந்தப்பக்கம் டயர் வெடிச்சுப் போச்சு. மாத்திட்டு வேர்த்து விறுவிறுத்துப் போயி எறங்கறேன்... சுவாமிநாதன் மடியில பையன் உக்காந்து அழுவறான். ரெண்டு காதுலயும் கம்மல்!

சென்னியம்மாள்: நல்ல நேரம் முடியப் போகுதுன்னு ஐயரு கத்துனாரு. நான் என்ன பண்ணுவேன்? அதுக்குன்னு வந்த மனுசன் ஒரு வாய் சாப்புடாம படியெறங்கிப் போகலாமா? அதோட உட்டாரா? 'தங்கச்சி ஊட்டுல நான் கை நனைக்கலை, கை நனைக்கலை'ன்னு ஊர் ஊராப் போயிச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

கந்தப்பன்: சொல்லுவேன். மானமுள்ளவன் சொல்லுவான்.

தண்டாயுதபாணி: செரி செரி... இதுக்கு முடிவே இல்லை. நான் ஆட்டத்தைச் சொல்லிப்போடறேன். அங்க படிக்கறப்ப சனி ஞாயிறானா இப்படித்தானுங்க, ஒரு மண்டபத்துல கூடுவோம். முன்னப் பின்னப் பேசாதவங்க ஒரு மேசையில உக்காருவோம். ஆளுக்கொரு வேசம். நான் கதையச் சொல்லுவேன், நீங்க அந்த ஆளாவே பேசோணும். மணி அடிச்சா அந்தக் கதை அதோட செரி. அடுத்த மேசை, அடுத்த கதை.

கந்தப்பன்: வேசம்னா... கூத்தா? பவுடரு, கிரீடம்...?

தண்டாயுதபாணி: ஒண்ணுமில்லீங்க. வாய் இருந்தாப் போதும்.

சென்னியம்மாள்: அது உங்க பெரியப்பாகிட்ட நெறையா இருக்குது.

கந்தப்பன்: இதென்னடா மேசை மேல, நெல்லிக்காயாட்டம்?

தண்டாயுதபாணி: கட்டைங்க. இருவது மொகம். ஒரு காரியம் கைகூடுமா கூடாதான்னு உருட்டித்தான் பாப்போம்.

கந்தப்பன்: நம்ம தாயக்கட்டைக்கு நாலு மொகந்தான். அமெரிக்காக்காரனுக்கு இதுலயும் பேராசை.

சென்னியம்மாள்: அங்க என்னடா பாணி சத்தம், அடுத்த மேசையில? என்ற மகளாட்டம் இருக்குது...

தண்டாயுதபாணி: கண்ணாத்தாதானுங்க. அவ மந்திரவாதி. ராசாவைத் தவளையாக்கிட்டா.

கந்தப்பன்: கட்டிக்கப் போறவன் பாவம்.

சென்னியம்மாள்: ...சிரிச்சாரா பாணி? இப்ப உங்க பெரியப்பா சிரிச்சாரா?

கந்தப்பன்: இருமல். சீட்டைப் பிரிடா, நேரமாகுது.

தண்டாயுதபாணி: அத்தை, உங்க சீட்டுல என்ன வேசமுங்க?

சென்னியம்மாள்: கோட்டைத் தளபதி.

கந்தப்பன்: அதான பாத்தேன், பொறந்ததுலயே இருந்து அதிகாரந்தான். எனக்கென்ன... டேய். இது தப்பான சீட்டு. வேற குடு.

தண்டாயுதபாணி: மாத்தக் கூடாதுங்க. சத்தமாப் படிங்க.

கந்தப்பன்: ...சமையக்காரி.

சென்னியம்மாள்: அய்யோ... பாணி, தண்ணி குடு... பொறையேறிப் போச்சு...

கந்தப்பன்: ஏழு லாரி வெச்சு ஓட்டறவன்டா நான்! பொம்பளை வேசமா?

தண்டாயுதபாணி: மீசைய எடுக்கச் சொல்லலீங்க. கதையக் கேளுங்க. கோட்டையச் சுத்தி எதிரி. உள்ளே தண்ணி இருக்குது, தானியம் இருக்குது. ஆனா தளபதி ஏதோ கோவத்துல சாப்புடறதில்லை. தளபதி மயங்கி உழுந்தா கோட்டை போச்சு. சமையக்காரி கோட்டைக்குள்ளயே கீழ அடுப்படியில களி கிண்டி எடுத்துட்டு மலையேறி வர்றா. மணி அடிக்கறதுக்குள்ள தளபதி ஒரு வாய் சாப்புட்டா ரெண்டு பேருக்கும் செயிப்பு.

கந்தப்பன்: எதுக்கு நடக்கோணும்? லாரியில ஏத்திரு.

தண்டாயுதபாணி: அந்தக் காலத்துல ஏதுங்க லாரி?

கந்தப்பன்: அப்ப ரெண்டு மாட்டுவண்டி.

தண்டாயுதபாணி: ஒரு சட்டிக் களிக்கா? நடந்துதானுங்க வர்றா. வந்துட்டா. பேசுங்க.

கந்தப்பன்: பாணி, அவங்ககிட்டச் சொல்லு, களி கொண்டாந்திருக்கறேன்னு...

தண்டாயுதபாணி: கதைக்குள்ள நான் இல்லீங்க. சமையக்காரிதான் தளபதிகிட்ட நேராப் பேசோணும்.

கந்தப்பன்: அப்ப... பேசறது நானில்லை?

தண்டாயுதபாணி: நீங்களே இல்லை.

கந்தப்பன்: பேச்சு உட்டுப்போனது கந்தப்பனுக்கும் சென்னியம்மாளுக்கும். சமையக்காரிக்கு அதுல ஒண்ணுமில்லை. அப்படித்தான?

தண்டாயுதபாணி: அப்படியேதானுங்க.

கந்தப்பன்: ம்... அப்பச் செரி. தளபதிங்களே... களி கொண்டாந்திருக்கறேனுங்க.

சென்னியம்மாள்: ஏண்டி, இத்தனை நேரமா வர்றதுக்கு?

கந்தப்பன்: டியா! கூடப்பொறந்தவனைப் போயி 'டி'ங்கறா பாருடா!

தண்டாயுதபாணி: உங்களை இல்லீங்க. சமையக்காரியை.

கந்தப்பன்: ...ஏத்தமுங்க தளபதி. மூச்சு வாங்குது. சூடு ஆறதுக்குள்ள சாப்புடுங்க.

சென்னியம்மாள்: எடுத்துட்டுப் போடி. இந்தக் கோட்டையில நான் கை நனைக்க மாட்டேன்.

கந்தப்பன்: ஏனுங்க? உப்புப் பத்தலீங்களா?

சென்னியம்மாள்: நான் வர்றதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் முடிச்சுப்போட்டீங்க. எனக்குன்னு இருக்கற எடத்துல எவனோ ஒருத்தன் உக்காந்திருக்கறான். நான் எதுக்குச் சாப்புடோணும்?

கந்தப்பன்: பாணி... இது சீட்டுல எழுதியிருக்குதா?

தண்டாயுதபாணி: இல்லீங்க. அத்தை சொந்தமாச் சொல்றாங்க. சொல்லலாம்.

கந்தப்பன்: தளபதி, கொஞ்சம் ரோசனை பண்ணுங்க. எதிரி வாசல்ல நிக்கறான். நேரந் தவறிப்போகும்னு முடிச்சிருப்பாங்க. வேணும்னேவா பண்ணுவாங்க?

சென்னியம்மாள்: தளபதின்னா காத்திருக்கோணும்!

கந்தப்பன்: எத்தனை நேரந்தானுங்க காத்திருப்பாங்க? அவங்கவங்களுக்கு என்னென்ன நெருக்கடியோ! இதுக்குப் போயி...

சென்னியம்மாள்: இதுக்குப் போயி? சொல்லுடி, இதுக்குப் போயி என்ன?

கந்தப்பன்: ...கட்டைய உருட்டு பாணி.

தண்டாயுதபாணி: நீங்கதான் உருட்டோணும். பத்துக்கு மேல உழுந்தாத் தளபதி மனசு எறங்கும்... அச்சச்சோ, மூணு. தளபதி சட்டியத் தள்ளி உட்டுட்டு வெடுக்குனு எந்திரிச்சுப் போறாங்க. படியெறங்கறாங்க.

கந்தப்பன்: சாப்புடாமயா?

தண்டாயுதபாணி: ஆமாங்க.

கந்தப்பன்: அதெப்படி... ஏனுங்க தளபதி, கோழி கூப்புட அடுப்பு மூட்டுனவளுக்கு எப்படிங்க இருக்கும்? கண்ணெல்லாம் பொகை, கையெல்லாம் சூடு. அத்தனையும் யாருக்காக? தின்னுட்டுத் திட்டுனா ஆகாதா? வாங்கிக்கறனே! வெறும் வவுத்தோட நீங்க படியெறங்கிப் போயிட்டா, அவ அந்தச் சட்டிய எப்படிக் கழுவுவா? எப்படிப் படுத்துத் தூங்குவா?

தண்டாயுதபாணி: பெரியப்பா?

கந்தப்பன்: இருடா... மண்டபத்துல புழுக்கமா இருக்குது. ஃபேனைப் போடு.

தண்டாயுதபாணி: ஓடிட்டுத்தானுங்க இருக்குது.

சென்னியம்மாள்: சமையக்காரி... அழுவறியாடி?

கந்தப்பன்: வெங்காயம் அரிஞ்சேனுங்க தளபதி.

சென்னியம்மாள்: களிக்கு எதுக்குடி வெங்காயம்?

கந்தப்பன்: அது... கடிச்சுக்க.

தண்டாயுதபாணி: மணியடிக்கப் போறாங்க பெரியப்பா! இன்னொருக்கா உருட்டுங்க, சீக்கிரம்!

சென்னியம்மாள்: கட்டையும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். தளபதி திரும்பி வர்றாங்க. உக்கார்றாங்க. கையக் கழுவிட்டு ஒரு உருண்டை எடுத்து வாயில போடறாங்க. எழுதிக்கோ.

தண்டாயுதபாணி: மணியும் அடிச்சாச்சு! கோட்டை பொழைச்சுதுங்க! ரெண்டு பேருமே செயிச்சுட்டீங்க. வாங்க, அடுத்த மேசைக்குப் போலாம். அங்க கப்பல்... ஏனுங்க, எந்திரிக்கலையா?

கந்தப்பன்: மணி அடிச்சிருச்சல்லோ. இனி நான் சமையக்காரி இல்லை.

தண்டாயுதபாணி: இல்லீங்க. அந்தக் கதை முடிஞ்சுது.

கந்தப்பன்: ம்... பாணி, உங்க அத்தைகிட்டக் கேளு... தை மாசத்துல...

சென்னியம்மாள்: கேக்கறவங்க நேராக் கேக்கட்டும் பாணி. நீ குறுக்க வராதே.

கந்தப்பன்: அம்மிணி...

சென்னியம்மாள்: சொல்லுங்கண்ணா.

கந்தப்பன்: டயர் வெடிச்சது நெசம் சாமி. வேணும்னு நேரம் பண்ணலை.

சென்னியம்மாள்: ஐயரு கத்துனதும் நெசமுங்கண்ணா. நான் வாசலையேதான் பாத்துட்டு நின்னேன்.

கந்தப்பன்: கண்ணாத்தாளுக்குப் பட்டம் நாந்தான் கட்டுவேன். அந்த சுவாமிநாதன் மணவறைப் பக்கம் வந்தான்னா லாரியக் குறுக்க நிறுத்திப்போடுவேன்.

சென்னியம்மாள்: நானும் அவருமா வந்து உங்களையும் அண்ணியையும் முறையாக் கூப்புடறோமுங்கண்ணா. புதன்கிழமை நல்ல நாளு.

கந்தப்பன்: வா, வா. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும். சொல்லாம உன்ற கையில வெத்தலை வாங்கறது ஆகாது. டேய் பாணி, காதைப் பொத்திக்கோ.

தண்டாயுதபாணி: பொத்திட்டனுங்க.

கந்தப்பன்: கேட்டுட்டுத்தான இருக்கறே! போச்சாது, பரவாயில்லை, கேளு... அம்மிணி, அன்னிக்கு உங்கூட்டுல கை நனைக்கலைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனல்லோ. அது பொய். கோவத்துல லாரிகிட்டப் போனேன். உன்ற ஊட்டு வாசலை வெறும் வவுத்தோட தாண்டறதுக்குக் காலு வரலை. சமையக்காரர் அம்மாசி அடுப்படியில இருந்து ஓடியாந்து, 'ஒரு வாய் சாப்புட்டுப் போங்க சாமி'ன்னு இலைய நீட்டுனாரு. லாரிக்குப் பொறகால குத்த வெச்சுத் தின்னேன். சோறு, பருப்பு, இனிப்புக்கு ரெண்டு ஒப்புட்டு. யார்கிட்டயும் மூச்சு உடக்கூடாதுன்னு அவருகிட்டச் சத்தியம் வாங்கிட்டுத்தான் வண்டிய எடுத்தேன்.

சென்னியம்மாள்: ரெண்டில்லீங்கண்ணா, மூணு. நாலு வெச்சு அம்மாசிகிட்ட நாந்தான குடுத்து உட்டேன், ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு.