பெரியவரின் வலது கண்

இந்த நேரத்துக்குக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். சொன்னேன், நீங்கள் விடவில்லை. பரவாயில்லை சார். வாயாடி மட்டும் கதவை உதைப்பாள். மற்றவை பொறுத்துக்கொள்ளும்.

நான் நின்றுகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் எனக்குக் கால் ஓரிடத்தில் இருக்காது. நாள் முழுக்க நடந்தோ சேணத்தின் மேலோ இருந்து பழகிவிட்டது. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தால்கூடப் போதும். ஜன்னலை மூடியேதான் வைத்திருப்பீர்களா? சரி.

உங்களுக்குக் குதிரையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். ஓரளவு தெரியும் என்றீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் லாயத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். சவாரிக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, ஓட்டத் தெரியுமா என்பதைத்தான். தெரியாது என்பவரால் தொந்தரவில்லை. சொன்னபடி கேட்பார். நன்றாகத் தெரிந்தவர் பதிலே சொல்ல மாட்டார், குதிரையின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஓரளவு தெரியும் என்பவர்தான் விழுவார்.

"அண்ணா, வாசல்ல ரெண்டு ஓரளவு நிக்குது," என்று தங்கச்சி உள்ளே வந்து சொல்வாள். "ஒண்ணு புது பூட்ஸ் வேற. விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கல."

நாங்கள் இருவர்தான். அப்பா அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வளர்த்தது நான். அவளுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். சேணத்தில் ஏறிவிட்டால் தெரியாது.

வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். ஆளைப் பார்த்துக் குதிரை கொடுப்பது. அதில் பாதி வேலைதான் இருக்கிறது. குதிரையையும் ஆளையும் சேர்த்துப் பார்த்துத் தடம் கொடுக்க வேண்டும். மிகச் சாதுவான குதிரை, மிகப் பயந்த ஆள், இரண்டும் அருமையாகப் பொருந்தும். அந்த ஜோடியையே வேறு தடத்தில் விட்டால் பொருந்தாது. இதை யாரும் யோசிப்பதில்லை. தவறு நடந்தால் குதிரையைக் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் ஆளை. தடத்தை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

எங்களுக்கு மூன்று தடங்கள். புல்வெளிச் சுற்று, குழந்தைகளுக்கும் ஓரளவுகளுக்கும். ஓடைத் தடம், தண்ணீரில் இறங்கி ஏறத் தெரிந்தவர்களுக்கு. மூன்றாவது மேட்டுத் தடம். அதில் நடுவில் ஒரு துண்டு மலையை வெட்டிப் போட்டது. ஒரு குதிரை மட்டும் போகும் அகலம். ஒரு கை பக்கம் பாறைச் சுவர், மறு கை பக்கம் பள்ளம். ஓடைப் பக்கமாக, தண்ணீரைக் கடந்து ஏறினால் பள்ளம் இடது கையில் வரும். கல்குவாரிப் பக்கமாக ஏறினால் வலது கையில் வரும். எந்தப் பக்கமாக ஏறினாலும் பார்க்க அழகான இடம்.

பெரியவர் என்பது எங்கள் கிழட்டுக் குதிரை. மரியாதையோடுதான் பேசுவோம். பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவர் தூங்குகிறார், பெரியவர் கோபமாக இருக்கிறார். அழுகிற குழந்தையை ஏற்றினால்கூட ஓர் அடி தவறாமல் நடப்பார். அவருக்கு ஒரே பலவீனம், தனியாக விடக் கூடாது. முன்னால் போகிற குதிரை கண்ணை விட்டு மறைந்தால் பதறிவிடுவார். எட்டிப் பிடிக்க ஓடுவார். அதனால் முன்னால் போகிறவன் எந்த வளைவிலும் திரும்பிப் பார்த்து, பின்னால் ஆள் வந்த பிறகுதான் வளைவான். இது எங்களுக்கு மூச்சு விடுவது போல.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம், முதலில் வந்தது தங்கச்சியின் கண்ணாடியைக் கொடுக்க. கடைக்கு வந்து வாங்கிக்கொள்ள அவளுக்கு நேரமில்லை என்று அவரே கொண்டுவந்தார். பிறகு கண்ணாடியின் திருகாணியை முறுக்க வந்தார். பிறகு காரணமே சொல்லவில்லை. வந்தால் பெரியவரிடம்தான் போய் நிற்பார். ஒருநாள் கைக்குட்டையை எடுத்து அவருடைய இடது கண்ணுக்கு முன்னால் ஆட்டினார், வலது கண்ணுக்கு முன்னால் ஆட்டினார்.

"மச்சான், இவருக்கு வலது கண்ணு சுத்தமா தெரியல," என்றார்.

அப்போது அவர் எனக்கு மச்சான் முறை ஆகவில்லை.

"குதிரைக்கும் கண்ணாடி போட்டு வித்துடலாம்னு பாக்கறீங்களா?" என்றேன்.

"காது பெருசா இருக்கு, நல்லா நிக்கும்," என்றார். தங்கச்சி வைக்கோல் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தினமும் அந்தக் குதிரையைத் தேய்க்கிறவன் நான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். தங்கச்சிதான் சொன்னாள். பெரியவர் மேட்டுத் தடத்துக்குப் போனால் ஓடைப் பக்கமாக மட்டும் ஏற வேண்டும். பள்ளம் நல்ல கண்ணின் பக்கம் இருக்கும், அவரே ஒதுங்கிக்கொள்வார். குவாரிப் பக்கமாக ஏறவே கூடாது. நல்ல யோசனை. நானும் சரி என்றேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோதும் சரி என்றேன். நீங்கள் நினைப்பது போல நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் நல்லவர். அவரைப் பற்றி யாரிடமும் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய ஊரில், கடை மாடியில் இருப்பார்கள். தங்கச்சி கடையில் உட்காருவாள்.

"நீயும் வந்து இருண்ணா. கீழ ஒரு ரூம் இருக்கு," என்றாள்.

"குதிரையை எல்லாம் யார் பாக்கறது?"

"வித்துடலாமே. நீ எத்தனை நாளைக்குத்தான் இந்தச் சாணியில நிப்ப?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் கையில் நிற்கவில்லை. வாரை இறுக்கினால் இறுக்கினேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப வந்து சாத்துவேன். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவேன். குதிரைகளும் சரியாக நிற்கவில்லை. மனிதன் நிற்காவிட்டால் அவையும் நிற்காது. இப்படி ஒரு வீடு நடக்க முடியாது சார். எதையாவது செய்து சரிப்படுத்தத்தான் வேண்டும்.

அவளுடைய கால் எப்படி ஆனது என்று கேட்டீர்கள். குதிரையிலிருந்து விழுந்தாள் என்று அவள் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பந்தயக் குதிரை பழக்கும் ஒரு பெரிய இடத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டி கட்டிவிட்டாள். போவதற்கு முன் மேட்டுத் தடத்தில் ஒருமுறை போய்விட்டு வருகிறேன் என்றாள். நான் ஒரு குதிரையைக் கொடுத்தேன். அவளால் அடக்கக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் மேலே உள்ள குதிரை. கொஞ்சம்தான். அவளுடைய அளவு என்னைவிட யாருக்குத் தெரியும்? காலோடு நிற்கும் என்று கணக்குப் போட்டேன். இடுப்பும் சேர்ந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் தூக்கிக்கொண்டு வந்தது நான். பல மாதம் குளிப்பாட்டியது, தலை வாரியது, நடக்கப் பழக்கியது எல்லாம் நான். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவளைக் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். கண்ணாடிக்காரரிடம் நானும் முறைப்படி கேட்டேன்.

"ஓட்டத் தெரியுமா மாப்பிள்ளை?"

"சுத்தமா தெரியாது மச்சான். ஏறவே பயம். அவளுக்குத் தெரியாம ஒரு தடவை மேல போய்ட்டு வந்து, போனேன்னு சொல்லணும். அவ்வளவுதான் ஆசை."

இத்தனை காலத்தில் உண்மையைச் சொன்னவர்களை எண்ணிவிடலாம். அவர் அதில் ஒருவர். அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவருக்கு ஏற்ற குதிரையைத்தான் கொடுத்தேன். வாரை நானே இறுக்கினேன், கால் வைக்கிற அங்கவடியின் நீளத்தை அவர் காலுக்கு வைத்துப் பார்த்துச் சரிசெய்தேன். நான் வாயாடியில் ஏறி முன்னால் போனேன். தங்கச்சி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

கல்குவாரிப் பக்கமாகத் திரும்பினேன். "இந்தப் பக்கம் ஏறினா முகத்துல வெயில் அடிக்காது," என்றேன். அது உண்மை. மேலே ஏறியதும் அவர் கேட்டார்.

"மச்சான், இவருக்கு வலது கண்ணு தெரியாதே. இந்த வழி பரவாயில்லையா?"

"இந்தத் தடத்துல பெரியவர் கண்ணை மூடிக்கிட்டே போவார் மாப்பிள்ளை."

சிரித்தார். பெரியவரின் கழுத்தில் தட்டி, "கேட்டீங்களா, உங்களைப் பெருமையா பேசறாங்க," என்றார். நானும் சிரித்தேன்.

மழையில் அந்தக் குறுகிய துண்டில் ஒரு இடத்தில் விளிம்பு சரிந்திருந்தது. யாரோ கடித்து எடுத்தது போல இருக்கும். அதைத் தாண்டினால் உடனே வளைவு. வாயாடி சரிவைப் பார்த்தாள், சுவரோடு ஒட்டிக்கொண்டு தாண்டினாள். நான் வளைவுக்கு வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வாயாடியின் விலாவைக் குதிகாலால் ஒருமுறை தொட்டேன். அவள் ஓடி வளைந்தாள்.

நான் செய்தது இவ்வளவுதான். யாரையும் தள்ளவில்லை. கை எல்லாம் என் கடிவாளத்தில்தான் இருந்தது.

பெரியவர் பதறிக் கனைத்தார். குளம்புச் சத்தம் வேகமாக வந்தது. பிறகு கல் உருள்கிற சத்தம். அவர் என்னை 'மச்சான்' என்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல. பெரியவருக்குக் கீழே கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வளைவுக்கு அப்பால் தடம் அகலமாகும், அங்கே உடனே திரும்பி, வந்த வழியாகவே லாயத்துக்குப் பறந்து வந்தேன். ஆள் கூட்டிவர அதுதான் கிட்டம். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவன் எதற்கு அவசரப்படப் போகிறான்?

தங்கச்சி ஈரக்கையோடு ஓடி வந்தாள். எந்தப் பக்கமாக ஏறினீர்கள் என்று கேட்டாள். ஓடைப் பக்கம் என்றேன். அவள் அழவில்லை. குனிந்து வாயாடியின் முன்னங்காலைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. முழங்கால்வரை குவாரியின் வெள்ளைத் தூசி. அவளுடைய ஈரக்கையில் அது மாவு போல ஒட்டிக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. குழாய் திறந்திருந்தது, நான்தான் போய் மூடினேன்.

ஆமாம் சார். கொன்றேன். அவர் சாக வேண்டும் என்றுதான் அந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் கேட்ட வார்த்தை இதுதானே, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. வீட்டைப் பற்றியும் எழுதுங்கள்.

இதையெல்லாம் முதலில் வந்து சொன்னதே அவள்தான் என்கிறீர்கள். சொல்லியிருப்பாள். என்னைக் காணவில்லை என்ற பதற்றத்தில் வந்திருப்பாள், வந்த இடத்தில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். பெட்டியோடு.

அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் கனம் தூக்கக் கூடாது. பெட்டியை யாராவது வாங்கி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும்போது நான் தூக்கிக்கொள்கிறேன்.