சுவரில் கட்டிப் போட்ட கழுதை

அவைக்குத் தலைமையேற்று, அடங்காத எங்களை அரைமணி நேரமாக அடக்கி உட்கார வைத்திருக்கும் நகர நூலகர் பெர்னிஸ் அம்மையார் அவர்களே! முட்டியில் கட்டு ஏறினாலும் மனத்தில் முறுக்கு இறங்காத மூத்தோர்களே! பிள்ளைகளின் சிராய்ப்புக்கு மருந்து தடவித் தடவியே விரல் தேய்ந்த தாய்மார்களே! தொப்பியைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகையை மட்டும் மடியிலேயே வைத்திருக்கும் கடைசி வரிசைக் கண்மணிகளே! எல்லோருக்கும் மேலாக, இந்த விழாவின் நாயகியாக முதல் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீற்றிருக்கும் ஓவியர் டெல்ஃபினா அவர்களே! லாங் பீச்சின் இந்தத் தெருமுனையில் முப்பத்தோரு ஆண்டுகளாக டோனட் பொரிக்கும் மாலிஸின் வணக்கம்.

ஓவியக் கண்காட்சியில் பேச ஒரு டோனட் கடைக்காரியா என்று கேட்பீர்கள். கேளுங்கள். இந்தக் கூடத்துக்கும் என் கடைக்கும் நடுவில் கார் நிறுத்தும் இடம். அங்கே சிவப்புச் சாயம் பூசிய சிமெண்டு விளிம்பு ஒன்று, முழங்கால் உயரம்கூட இல்லாதது. நகரசபை இந்தப் பலகைக்காரர்களுக்கென்று கடற்கரையில் வழவழவென்று ஒரு மைதானம் கட்டிக் கொடுத்தது. வளைவு கேட்டார்கள், வளைவு வந்தது. குழிவு கேட்டார்கள், குழிவு வந்தது. போனார்களா? போனார்கள். எத்தனை நாள்? ஒரே வாரம். பிறகு என் உடைந்த விளிம்புக்கே திரும்பி வந்து, பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல், பலகை வழுக்கி ஓட அதற்கு மெழுகு தேய்த்தார்கள்.

ஓட்டை போட்டு விற்பது என் தொழில். காசு கொடுத்து வாங்கிய காலணியில் மூன்றாம் நாளே ஓட்டை போடுவது இவர்கள் தொழில். இரண்டு காலிலுமா? இல்லை, பலகையை உரசி எகிற வைக்கும் ஒரு காலில் மட்டும். யாரப்பா அங்கே சிரிப்பது? ஹோரஸ், உன் இடது காலைத் தூக்கிக் காட்டு, அவையோர் பார்க்கட்டும். பார்த்தீர்களா? ஐம்பத்தெட்டு வயதில், பேரன் எடுத்த மனிதனின் கால் அது.

ஆனால் இத்தனை விந்தைகளையும் விழுங்கும் பெரிய விந்தை ஒன்று உண்டு. இவர்களின் பலகைக்கு மேலே என்ன இருக்கிறது? உப்புத்தாள். கறுப்பு, சொரசொரப்பு, பார்க்கச் சகிக்காது. கீழே என்ன இருக்கிறது? ஓவியம். வண்ணமும் வளைவும் வம்பும் வாஞ்சையும் வழியும் ஓவியம். யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் அழகைப் பூசி, பூசிய அழகைக் கொண்டுபோய்ச் சிமெண்டில் உரசுகிற கூட்டத்தை வேறெங்கே கண்டீர்கள்? அந்த அடிப்பக்கத்துக்காகவே நாற்பது ஆண்டுகள் வரைந்தவர் எங்கள் டெல்ஃபினா.

இப்போது சுவர்களைப் பாருங்கள். அவர் வரைந்த நாற்பத்தோரு பலகைகள். ஒன்றிலாவது கீறல் உண்டா? வாங்கியவர்கள் பூட்டி வைத்தார்கள், பொத்தி வைத்தார்கள், ஆணி அடித்து அழகு பார்த்தார்கள். இன்று அன்போடு கொண்டுவந்து இங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். அன்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்?

ஜன்னலோரம் தொங்குகிறதே, முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு மீசையோடு கண்ணடிக்கும் கிழட்டுக் கழுதை, அதைப் பாருங்கள். அந்த மீசை யாருடையது என்று உங்களுக்கே தெரியும். ஊரின் குழாய்களையெல்லாம் பழுது பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் தன் முட்டியைப் பழுதாக்கிக்கொள்ளும் ரமீரோவுடையதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டெல்ஃபினாவின் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்து அவர் வரைந்து முடித்த கடைசிப் படம் அது. அச்சுக்குப் போகவில்லை. ஒரே பலகை. அதை ரமீரோவுக்குக் கொடுத்தார். ரமீரோ அதைத் தன் சோபாவுக்கு மேலே மாட்டினான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

போன சனிக்கிழமைதான் மறுபடி பேசினார்கள், என் கடையில், என் காது கேட்க.

"என் கழுதையை ரெண்டு வருசமா கட்டிப் போட்டிருக்கியேடா," என்றார் டெல்ஃபினா.

"கட்டிப் போடல, டெல்ஃபினா. பத்திரமா வச்சிருக்கேன்."

"யாருக்கு? உன் சோபாவுக்குக் காவலா?"

ரமீரோ சிரிக்கவில்லை. "அது தேஞ்சு போச்சுன்னா இன்னொண்ணு வரைஞ்சு தருவீங்களா?"

அவர் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே வைத்தார். அப்படியும் மேசையெல்லாம் காபி.

"மாட்டேன். முடியாது. அதனாலதான் சொல்றேன், மகனே. சுவத்துல தொங்குறதெல்லாம் செத்தவங்க படம். நான் இன்னும் சாகல. வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கக்கிழமை மக வந்து அவ ஊர் டூசானுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. அதுக்குள்ள ஒருதடவை நீ அதுல ஏறணும், நான் பாக்கணும்."

"மனசு வரல," என்றான். எழுந்து போய்விட்டான். பாதி டோனட் தட்டிலேயே கிடந்தது. குழாய்க்காரன் டோனட்டை மிச்சம் வைத்ததை அன்றுதான் கண்டேன்.

ரமீரோ, உன்னைக் குற்றம் சொல்ல நான் மேடையேறவில்லை. அழகான ஒன்று அழிந்துவிடுமே என்று அஞ்சுகிறாய். அஞ்சத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறேன். அந்த அம்மா கண்ணாடிக்குள் வைக்க வரைந்தாரா? காவலுக்குள் வைக்க வரைந்தாரா? ஓடுகிறவனுக்காக வரைந்தார், விழுகிறவனுக்காக வரைந்தார், விழுந்தும் எழுகிறவனுக்காக வரைந்தார். நாளை மறுநாள் அவர் போய்விடுவார். அதன்பின் நீ ஆயிரம் முறை ஏறினாலும் யார் பார்க்க? அவர் கண் இங்கே இருக்கும்போது ஏறாத பலகையில், அவர் காலி நாற்காலிக்கு முன்னால் ஏறுவாயா? தண்ணீர் கொடுங்கள்.

ரமீரோ, எங்கே எழுந்து போகிறாய்? நான் இன்னும் முடிக்கவில்லை.

அவையோரே, அவன் ஜன்னலோரம் போகிறான். அம்மையார் அவர்களே, அங்கே 'தொடாதீர்கள்' என்று அட்டை எழுதி வைத்தது நீங்கள். என்ன, அதை நீங்களே கழற்றிக் கைப்பைக்குள் போடுகிறீர்களா? வாழ்க உங்கள் தலைமை.

"சக்கரம் இல்லையே, மாலிஸ்," என்கிறான். மேலே உப்புத்தாள் ஒட்டியிருக்கிறது, சக்கரம்தான் இல்லை. சுவரில் தொங்குவதற்குச் சக்கரம் எதற்கு? ஆனால் கடைசி வரிசையைப் பாருங்கள், நர்ஸ் கிளாடிஸ் தன் பலகையைக் கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். "இந்தா, என்னோடத மாட்டு. சீக்கிரம், எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி," என்கிறாள்.

டெல்ஃபினாவை நாற்காலியோடு தூக்குகிறார்கள். மெதுவாக, மெதுவாக. எல்லோரும் வெளியே போகிறார்கள். எழுந்து நடக்க இயலாமல் உள்ளே இருக்கும் பெரியவர்களே, கவலைப்படாதீர்கள். மைக் வயர் வாசற்படி வரை வருகிறது. நான் இங்கே நின்று பார்த்துச் சொல்கிறேன்.

நாற்காலியை விளிம்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். ரமீரோ தூரத்தில் நிற்கிறான். பலகையைத் திருப்பிக் கழுதையை ஒருமுறை பார்க்கிறான். கீழே போட்டான். வருகிறான். வருகிறான். விழுந்தான்.

பரவாயில்லை, எழுந்துவிட்டான். மறுபடி போகிறான். வருகிறான். ஏறினான். கேட்டதா அந்தச் சத்தம்? உள்ளே வரைக்கும் கேட்டிருக்கும். விளிம்பின் முழு நீளத்துக்கும் உரசிக்கொண்டு போய், கடைசியில் மல்லாந்து விழுந்தான். பலகை கவிழ்ந்து கிடக்கிறது. கழுதையின் காது ஒன்றைக் காணோம். சிவப்புச் சிமெண்டில் அதன் சாயம் நீலமாக ஒரு கோடு.

டெல்ஃபினா குனிந்து அந்தக் கோட்டைத் தொடுகிறார். விரலைப் பார்க்கிறார். ரமீரோ தரையில் கிடந்தபடியே அழுகிறான், சிரிப்பும் வருகிறது அவனுக்கு.

"வலிக்குதா?" என்கிறார்.

"வலிக்குது."

"சரி, எந்திரி. இன்னொரு காது இருக்கு."

பெரியோர்களே, தாய்மார்களே, வாய்ப்பளித்த பெர்னிஸ் அம்மையாருக்கும், சக்கரம் தந்த கிளாடிஸுக்கும், இதுவரை என்னைப் பொறுத்த உங்களுக்கும் என் நன்றி. மற்ற நாற்பது பலகைகளின் சொந்தக்காரர்கள் தங்கள் பலகையைக் கழற்ற ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் வருகிறார்கள். வயரில் தடுக்கி விழாதீர்கள். மைக்கை இங்கேயே வைக்கிறேன். அவன் மறுபடி கிளம்பிவிட்டான், எனக்கும் பார்க்க வேண்டும். வணக்கம்.